பூக்கும் வேளை: நெல் ரகங்களைத் தேடி ஏழு நாள்

நவம்பர் 25, கோவை

விடியும்போதே தூறல். ஆறரை மணிக்கு நெல் இனப்பெருக்க நிலையத்தின் வரப்பில் ஏறியபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1912இல் தொடங்கிய பண்ணை இது. 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24, கோனாமணி நெல்லுக்கு நடுவே மாறித் தெரிந்த செடியிலிருந்து இங்கே பிரித்தெடுத்த ரகம். அதன் பிள்ளை டி.கே.எம். 6. அந்த டி.கே.எம். 6இன் பிள்ளைதான் ஒரு காலத்தில் ஊரெங்கும் விளைந்த ஐ.ஆர். 20. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு இந்த வழியாக வந்து சேர்ந்தது.

இரண்டு ரகங்களைச் சேர்த்துப் புது நெல் உண்டாக்கும் கலப்பு வேலையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். குனிந்து பார்க்கப் போனவுடன், "நெழல் விழுகுதுங்க, அப்படிக்கா நில்லுங்" என்றார் ஒருவர். அந்த வேலைக்கு வெளிச்சம் எவ்வளவு முக்கியம் என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

தாய்ச் செடியில், கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலையின் உறையிலிருந்து பாதிக்கு மேல் வெளிவந்த கதிராகப் பார்த்து எடுக்கிறார்கள். உச்சியில் நேற்றே பூத்துவிட்ட பூக்களைக் கிள்ளி எறிய வேண்டும். அடியில் பிஞ்சாக இருப்பவையும் ஆகாது. நடுவில் முப்பது நாற்பது பூக்கள் மிஞ்சும். ஒவ்வொன்றின் உமியையும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு சாய்வாகக் கத்தரிக்கிறார்கள். உள்ளே வெளிர் மஞ்சளில் ஆறு மகரந்தப் பைகள், நூலிழை போல மெலிந்தவை. சிறு மோட்டாரில் பொருத்திய மெல்லிய குழாய் அவற்றை உறிஞ்சிவிடும். மின்சாரம் இல்லையென்றால் இடுக்கிதான். உறிஞ்சும் வேகம் கூடினால் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியும் சேர்ந்து போய்விடும். குறைந்தால் ஒரு பை உள்ளேயே தங்கி உடைந்து, அந்தப் பூ தன் மகரந்தத்திலேயே சூலாகும். அப்படி வந்த விதையை மரபணு அடையாளம் பார்த்துத்தான் பின்னால் களைய முடியும். வேலை முடிந்ததும் பட்டர் பேப்பர் உறை, அதில் பென்சிலால் எழுத்து: தாயின் பெயர் முதலில், தந்தையின் பெயர் அடுத்து, தேதி. பேனா மை மழையில் கரைந்துவிடும்.

தந்தைக் கதிரைப் பத்து மணிவாக்கில் வெட்டி வந்தார்கள். பூ திறப்பதைக் கிட்டத்தில் பார்த்தோம். உமிக்குள் அடியில் இருக்கும் இரண்டு சிறு செதில்கள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. உமி இரண்டாகப் பிளந்து விலகுகிறது. காம்புகள் விறுவிறுவென நீண்டு மகரந்தப் பைகளை வெளியே தள்ளுகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து உமி மறுபடி மூடிக்கொள்கிறது. கொட்டிய மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடங்கள்தான். அதற்குள் தாய்க் கதிரின்மேல் தட்டிவிட வேண்டும்.

பத்தே காலுக்கு மழை வலுத்தது. ஈரம் பட்டால் மகரந்தம் வெடித்துவிடும். அன்றைக்குத் தயாராக்கிய கதிர்களில் பாதி வீண். "நாளைக்கு மறுபடியும் கத்திரிக்கோணும்" என்று அந்தப் பெண் உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சலிப்பே இல்லை.

இந்த ஒரு மணி நேரத்தைத்தான் வெயிலும் குறிவைக்கிறது. பூ திறந்திருக்கும்போது வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரமே போதும், மகரந்தப் பை சரியாக வெடிக்காது. வெடித்தாலும் சூல்முடியில் விழுந்தது முளைக்காது. மணி பதராகிவிடும். மறுநாள் 32 டிகிரிக்கு இறங்கினாலும் போனது போனதுதான். இதற்கு இரண்டு வழியில் வேலை நடக்கிறது. ஒன்று, நாகினா 22 போன்ற பழைய ரகத்தின் தாங்கும் குணத்தைக் கொண்டுவருவது. மற்றது தப்பிக்கும் வழி. ஒரைசா அஃபிசினாலிஸ் என்னும் காட்டு நெல் விடிகாலையிலேயே பூத்துவிடும். அதன் மூன்றாம் நிறப்புரியிலிருந்து (குரோமோசோம்) வந்த துண்டை ஏற்றிய நெல் வழக்கத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னால் பூக்கிறது. எங்களுக்கு இந்த இரண்டாவது வழிமேல் நம்பிக்கை அதிகம். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொள்கிற செடிக்கு, அந்த வெயிலைத் தாங்கும் சுமை இல்லை.

பகல் வெயிலைப் போல இரவுச் சூடு கண்ணில் படாது. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் நீண்டகாலப் பதிவுகளை வைத்து 2004இல் வந்த ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. சேர்த்த மாவுச்சத்தைச் செடி இரவு முழுக்க மூச்சு விட்டே செலவழிப்பது ஒரு காரணம்.

மதியம் மெஸ்ஸில் சாப்பாடு 110 ரூபாய். இலையில் விழுந்தது பொன்னி. மலேசியாவின் மசூரி நெல்லிலிருந்து வந்த ரகம், இன்று அதைச் சொந்த நெல்லாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். பரிமாறியவர், "புது அரிசிங்க, கொழையும். ஒரு கரண்டி கம்மியாத்தான் வைப்பேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் நெல் எத்தனையோ வந்து, சோறு சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தையில் நிற்காமல் போயிருக்கிறது. அரிசி மாவுச்சத்தின் ஒரு வகையான அமைலோஸ் 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நம் ஊர் வாய்க்குச் சோறு உதிரியாக, ஆறிய பிறகும் விறைக்காமல் இருக்கும்.

நவம்பர் 26, கோவை

மழை விடவில்லை. முழு நாளும் ஆய்வகத்தில்.

தாங்கும் குணமுள்ள ஒரு பழைய நெல்லிலிருந்து ஒரே ஒரு மரபணுவை, மக்கள் விரும்பும் ரகத்துக்குக் கொண்டுபோவதுதான் பின்கலப்பு. முதல் கலப்பில் பாதிக்குப் பாதி. மறுபடி நல்ல ரகத்தோடு கலந்தால் சராசரியாக முக்கால் பங்கு, அடுத்து 87.5, அதற்கடுத்து 93.75 சதவீதம் நல்ல ரகமாகத் திரும்பி வரும். மரபணு அடையாளத் துண்டுகளை வைத்து ஒவ்வொரு தலைமுறையிலும் சிறந்த நாற்றைப் பொறுக்கினால் ஒன்றிரண்டு தலைமுறை மிச்சமாகும்.

நாற்று பதினைந்து இருபது நாள் வயதில் இருக்கும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு செண்டிமீட்டர் இலை கிள்ளி, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். சலிப்பது மூன்று முறை. வேண்டிய மரபணு இருக்கிறதா என்பது முதல் சலிப்பு. பாதி நாற்று அதிலேயே கழியும். அந்த மரபணுவை ஒட்டிக்கொண்டு வேண்டாத சரக்கு கூடவே வந்திருக்கிறதா என்பது இரண்டாவது. மிச்ச நிறப்புரிகளில் எவ்வளவு பங்கு நல்ல ரகம் என்பது மூன்றாவது. இரண்டாவதை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அதில்தான் ஆபத்து. தாங்கும் குணம் வந்திருக்கும், கூடவே உயரமோ சிவப்பு அரிசியோ கதிர் உதிர்வோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். விவசாயி வயலில் போட்ட பிறகுதான் அது தெரியவரும்.

இலை கிள்ளுபவர் ஒருவர், தட்டில் வைப்பவர் இன்னொருவர். வேலை இப்படிக் கை மாறும் இடத்தில்தான் எண் மாறும். ஒரு வரிசை தள்ளி வைத்துவிட்டால் நல்ல நாற்றுகள் குப்பைக்குப் போய், வெறும் நாற்றுகள் அடுத்த கலப்புக்குப் போகும். அதனால் ஒவ்வொரு தட்டிலும் தெரிந்த இரண்டு பெற்றோரின் இலையைக் குறிப்பிட்ட குழியில் வைக்கிறார்கள். முடிவில் அந்தக் குழிகள் சொல்வது சரியாக இருந்தால்தான் தட்டை நம்பலாம்.

வழக்கமான முறையில் ஒரு கலப்பிலிருந்து ரகம் வெளிவரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அதைக் குறைக்கத் தலைமுறை வேகத்தைக் கூட்டுகிறார்கள். சிறு குழித்தட்டில் நெருக்கமாக நட்டு, ஒளியையும் இருட்டையும் கட்டுப்படுத்தி, செடிக்கு ஒரு விதை மட்டும் எடுத்தால் குறுகிய கால ரகங்களில் ஆண்டுக்கு நான்கு தலைமுறை வரை ஓட்டலாம். வானிலை மாறும் வேகத்தைப் பார்த்தால் இந்த அவசரம் நியாயமானது. 2012இல் கலந்த நெல் 2024இல் வெளிவந்தால், அது பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய மழைக்குச் செய்த நெல்.

நவம்பர் 27, ஆடுதுறை

இரவெல்லாம் ரயில். காலையில் கும்பகோணத்தில் இறங்கியதும் காப்பி, 25 ரூபாய், பித்தளை டபராவில். உடம்பு அலுப்பு அந்த ஒரு டபராவிலேயே பாதி குறைந்தது.

ஆடுதுறைப் பண்ணை 1922இல் தொடங்கியது. 1960களில் டெல்டாவின் குறுவையை மாற்றிய ஏ.டி.டி. 27 இங்கிருந்து வந்தது. அதன் ஒரு பெற்றோர் கோவையில் பார்த்த அதே ஜி.இ.பி. 24, மற்றது ஜப்பானிய நோரின் 10.

இங்கே பார்க்க வேண்டியது சோதனைத் திடல்கள். ஒரு புதிய கலப்பு நிலையத் திடலில் தேறிய பிறகு பல இடச் சோதனைக்குப் போகும், அடுத்து விவசாயிகளின் வயலிலேயே நடக்கும் தகவமைப்புச் சோதனை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவில் கவனம் தவறினால் நல்ல நெல் தோற்று, மோசமான நெல் ஜெயித்துவிடும். ஐந்துக்கு நான்கு மீட்டர் பாத்தி, மூன்று முறை வெவ்வேறு இடத்தில். ஓர வரிசைகளுக்கு வெளிச்சமும் உரமும் கூடுதலாகக் கிடைப்பதால் அவற்றை அறுத்து ஒதுக்கிவிட்டுத்தான் நடுவை அறுக்க வேண்டும். குத்து (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகள்) விடுபட்ட இடங்களை எண்ண வேண்டும். நெல்லின் ஈரத்தை அளந்து 14 சதவீதத்துக்குக் கணக்கைத் திருத்த வேண்டும். இதை விட்டால், முந்தைய நாள் மழையில் நனைந்த பாத்தி தண்ணீர் எடையால் ஜெயித்துவிடும். முன்னதாகக் கதிர் வரும் ரகத்தைக் குருவிகள் கூட்டமாக வந்து தின்னும். சுற்றிலும் எல்லாம் பச்சையாக இருக்கும்போது அது ஒன்றுதான் பால் பிடித்திருக்கும். அந்தப் பாத்தியின் விளைச்சல் குறைவை ரகத்தின் குறைவு என்று எழுதிவிடக் கூடாது. வயது ஒத்த ரகங்களை ஒரே திடலில் வைப்பது இதற்காகத்தான்.

திடல் ஓரத்தில் நின்ற முதியவர் ஒருவர் எங்கள் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து மா நிலம் வைத்திருக்கிறாராம். "தம்பி, மகசூல் மகசூலுங்கிறீங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நல்லா மழை பேஞ்ச வருஷம் இது எவ்வளவு குடுக்கும்? கெட்ட வருஷம் எவ்வளவு குடுக்கும்? ரெண்டும் சொல்லணும்" என்றார். இனப்பெருக்கக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்ல வராது. தாங்கும் மரபணு நல்ல வருஷத்தில் விளைச்சலைத் தின்னக் கூடாது. பத்து ஆண்டில் இரண்டு முறை வரும் வெள்ளத்துக்காக மற்ற எட்டு ஆண்டும் விவசாயி நஷ்டப்பட முடியாது.

நவம்பர் 28, திருத்துறைப்பூண்டி வழி

காலையில் கிளம்பி மன்னார்குடி வழியாகப் போவது என்று திட்டம். வழியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு சாலையில் முழங்கால் தண்ணீர். பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி ஒரு கம்பால் ஆழம் பார்த்துவிட்டு வந்து, "பெரியவங்க, புள்ளைங்க இருக்காங்க, நான் எறக்க மாட்டேன்" என்று சொன்னார். யாரும் முணுமுணுக்கவில்லை. மூன்று மணி நேரம். சாலையோர வீட்டிலிருந்து ஒரு அம்மா சுக்குத் தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து, காசு நீட்டிய கைகளையெல்லாம் தள்ளிவிட்டார்.

அந்த மூன்று மணி நேரமும் எங்களுக்குப் பாடமாயிற்று. இரு பக்கமும் சம்பா மூழ்கிக் கிடந்தது. ஒரு வயலில் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நட்டிருந்தார்கள், வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு ரகம். ஒன்பது நாளாகத் தண்ணீர் நிற்பதாகச் சொன்னார்கள். நில உடைமையாளர் அனுமதியோடு ஒவ்வொன்றிலும் ஒரு குத்தைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வேறு ரகம் ஒரு முழம் கூடுதலாக நீண்டு, வெளுத்து, நூலாய்த் தொய்ந்திருந்தது. தண்டின் அடியை விரலால் நசுக்கினால் கொழகொழத்தது, நாற்றம். சப்-1 குட்டையாகவே நின்றது. இலை நுனி காய்ந்திருந்தது, ஆனால் அடித்தண்டு கெட்டி. வெள்ளத்துக்குப் பிறகு எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இதுதான்: அடித்தண்டை நசுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் வயலை அழிக்காதீர்கள்.

மூழ்கிய சாதாரண நெல் மூச்சுக்காக மேலே எட்டப் பார்க்கிறது. நீள்வதற்குச் சேமிப்பிலிருந்த மாவுச்சத்தையெல்லாம் செலவழிக்கிறது. தண்ணீர் வடிவதற்குள் கையிருப்பு தீர்ந்து சாகிறது. ஒடிசாவிலிருந்து வந்த எப்.ஆர். 13ஏ என்ற நெல்லில் இருக்கும் சப்1ஏ மரபணு அந்த எட்டிப் பார்க்கும் வேலையை நிறுத்தி, செடியை அடக்கமாக இருக்கச் சொல்கிறது. ஒன்பதாம் நிறப்புரியில் அந்த மரபணு எது என்பது 2006இல் தெளிவானது. அதை ஏற்றிய ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009இல் வந்தது. சி.ஆர். 1009 டெல்டாவுக்குப் பழகிய நெல், 155 நாளுக்கு மேல், மணி பருமன், இட்லிக்குப் போகும் அரிசி. சப்1ஏ ஏற்றிய பிறகும் அதே அரிசி, அதே வயது, மூழ்கினால் மட்டும் வேறு நடத்தை. இந்தக் காரணத்தால்தான் ரகத்தை மாற்றச் சொல்லி விவசாயியிடம் மன்றாட வேண்டிய தேவை வரவில்லை.

காட்டுயானம் என்ற பழைய நெல்லுடையது இதற்கு நேர் எதிர் வழி. தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும், ஆள் உயரம் தாண்டும். ஆழ்நீர் நெல்லை அப்படி நீள வைக்கும் மரபணுக்கள் 2009இல் கண்டறியப்பட்டன. விந்தை என்னவென்றால், அவையும் சப்1ஏ-வும் ஒரே குடும்பம். ஒன்று நில் என்கிறது, மற்றது ஓடு என்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் நிலத்துக்கு ஓடுவது சரி. இரண்டு வாரத்தில் வடியும் டெல்டாவுக்கு நிற்பது சரி.

சப்-1 எதையும் தாங்கும் என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. அதற்குக் கணக்கு சுமார் பதினான்கு நாள். கலங்கல் தண்ணீரில் இலைமேல் வண்டல் படிந்து வெளிச்சம் போனால் அதற்கும் குறைவு. முழங்கால் அளவுத் தண்ணீர் ஒரு மாதம் தேங்கும் வயலில் அது உதவாது, இலை வெளியே இருக்கும்போது அந்த மரபணுவுக்கு வேலை இல்லை. விதைத்த அன்றே மழை கொட்டி விதை மூழ்கினாலும் உதவாது. காற்றில்லாமல் முளைக்கும் குணம் வேறு மரபணு, காவ் ஹ்லான் ஆன் என்ற நெல்லிலிருந்து கண்டெடுத்தது. தண்ணீர் வடிந்த உடனே யூரியா போடும் பழக்கமும் செடியைக் கொல்கிறது. ஆறேழு நாள் பொறுத்து, புது இலை வந்த பிறகு தழைச்சத்தும் சாம்பல் சத்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இரவு ஒன்பதுக்குத்தான் திருத்துறைப்பூண்டி. ஈரச் சாக்ஸோடு இட்லி நாலு, 40 ரூபாய்.

நவம்பர் 29, வேதாரண்யம்

வெயில் முகம் காட்டியது. உப்பளங்களில் மழைநீர் தேங்கி வேலை நின்றிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பகுதி, தலை இழந்த தென்னைகள் சில இன்னும் நிற்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டக் கரையோர வயல்களில் உப்பேறிக் கிடந்தபோது, குழியடிச்சான், களர்ப்பாலை, குடைவாழை போன்ற பழைய நெல்களின் அருமை மறுபடி பேச்சுக்கு வந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து பாரம்பரிய நெல்லைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018இல் மறைந்தார். இனப்பெருக்கம் செய்கிறவர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். விதை அழிந்துவிட்டால் எந்த மரபணுவை எங்கே போய்த் தேடுவது?

உவரும் களரும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டு ரகம் வாங்கி நட்டமடைந்தவர் இருவரை இன்று ஒரே டீக்கடையில் சந்தித்தோம். உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் கழுவிப் போகும். களர் நிலத்தில் சோடியம் மண் துகளைப் பிடித்துக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். காய்ந்தால் கல், நனைந்தால் சேறு, தண்ணீர் கீழே இறங்காது. அதற்கு ஜிப்சம் போட்டு உழுது, தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். திருச்சியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய். வரிசை ரகங்கள் முக்கியமாகக் களருக்கு. அவற்றைக் கடலோர உவரில் போட்டுவிட்டு ரகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

நாங்களும் இன்று ஒரு தப்பு செய்தோம். மேல்மண்ணை எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து கருவியில் அளந்தபோது 1.4 என்று வந்தது. நெல்லுக்குத் தாங்கும் எல்லை மீட்டருக்கு 3 டெசி சீமன்ஸ் (மின்கடத்தலை வைத்து உப்பை அளக்கும் அலகு), அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் சுமார் 12 சதவீத விளைச்சல் குறையும் என்பது கணக்கு. ஆகா, நிலம் நலம் என்று எழுதிக்கொண்டோம். எழுதிய கையோடு இரண்டு பிழைகள் புலப்பட்டன. அந்த எல்லை, மண்ணைக் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கு உரியது. இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்தால் எண் தானாகக் குறையும். தவிர, நான்கு நாள் மழை மேலே இருந்த உப்பைக் கீழே தள்ளியிருக்கிறது. தை, மாசியில் தண்ணீர் வற்றும்போது அது வேர் வரை மறுபடி ஏறும். பதினைந்து, முப்பது செண்டிமீட்டர் ஆழத்தில் மறுபடி எடுத்து அளந்தோம், எண் ஏறியது.

அப்படி ஏறும் நாட்களில் நெல் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் நெல் உப்பை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று இலை நாற்றாக இருக்கும்போதும், கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரையிலும் தாங்காது. கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து எடுத்த சால்டால் என்னும் நிறப்புரித் துண்டு நாற்றுப் பருவத்துக்கு மட்டும் காவல். இலைக்குச் சோடியம் ஏறவிடாமல் வேரோடு தடுக்கும். பூக்கும் பருவத்துக்கு அது போதாது. ஆய்வகத்தில் நாற்றை 12 டெசி சீமன்ஸ் உப்புக் கரைசலில் வைத்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள் (எண் குறைந்தால் நல்லது), ஒப்பிடப் பக்கத்தில் தாங்காத ஐ.ஆர். 29, தாங்கும் பொக்காளி. அதில் 3 வாங்கிய நாற்று வயலில் பூக்கும் போது பதராகிவிடலாம். பூக்கும் பருவச் சோதனை கடினம், செலவு, மெதுவானது. அதனாலேயே பலர் செய்வதில்லை. இந்தத் துறையில் எங்களுக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இது.

உவர் வயலில் இப்போதைக்கு உதவுவது: நாற்றை முப்பது நாளுக்கு மேல் முற்றவிட்டு, குத்துக்கு மூன்று நான்கு வைத்து நடுவது. உப்பு தாங்காத சின்ன வயதை நல்ல தண்ணீருள்ள நாற்றங்காலிலேயே கழித்துவிடும்.

மதியம் கோடியக்கரை சாலையில் மீன் குழம்புச் சாப்பாடு, 130 ரூபாய். கடைக்காரர் இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது உப்பு சரியா என்று கேட்டார்.

நவம்பர் 30, கிழக்குக் கடற்கரைச் சாலை

தொண்டி வழியாக ராமநாதபுரம். மழை பின்தங்கிவிட்டது. காற்றும் மண்ணும் நிறம் மாறுகின்றன. சீமைக் கருவேலம், பனை, இடையிடையே கண்மாய். உடம்பு வலிக்கிறது, ஒருவருக்குச் சளி. கருப்பட்டிக் காப்பி 20 ரூபாய்.

டிசம்பர் 1, பரமக்குடி

மூன்றே நாள் முன்னால் வெள்ளத்தில் நின்றோம், இங்கே பதினான்கு நாளாகச் சொட்டு மழை இல்லை என்கிறார்கள். ஒரே மாநிலம், ஒரே பருவமழை.

இது புழுதி விதைப்பு நிலம். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். விதையை ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில், அதாவது லிட்டருக்குப் பத்து கிராம், பதினாறு மணி நேரம் ஊறவைத்துப் பழைய ஈரத்துக்கு நிழலில் உலர்த்துவது வழக்கம். வெயிலில் உலர்த்தினால் செய்த வேலை வீண். மேலாக விதைத்தால் ஒரு தூறலில் முளைத்துக் காய்ந்துவிடும். ஆழமாக விதைத்தால் குட்டை ரகங்கள் பலவற்றின் முளைத்தண்டு மண்ணைத் தாண்டி வராது. மூன்று முதல் ஐந்து செண்டிமீட்டருக்குள் வைக்க வேண்டும். நீண்ட முளைத்தண்டும் குட்டைச் செடியும் ஒன்றாக வேண்டும் என்பது இந்த மண் இனப்பெருக்கத்திடம் கேட்கும் முதல் வரம். பரமக்குடியிலிருந்து 2009இல் வந்த அண்ணா (ஆர்) 4 நூறு நாள் சொச்சத்தில் அறுவடைக்கு வருவதால் மழை முடிவதற்குள் தப்பிக்கிறது. தப்பிப்பதும் ஒரு தாங்கும் குணம்தான்.

தப்பிக்க முடியாத வயலை இன்று பார்த்தோம். கதிர் வரும் வாரம், மண் வெடித்துவிட்டது. இலை சுருண்டு குழலாகியிருக்கிறது. ஒரு குத்தைப் பிரித்துப் பார்த்தால், கதிரின் கீழ்ப்பாதி கண்ணாடி இலை உறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. காம்பு நீளத் தண்ணீர் இல்லை. உள்ளே மாட்டிய பூக்கள் பதர், வெளியே வந்தவை வெளுத்த வெறும் உமி. நேற்று மழை பெய்திருந்தால் இந்தக் கதிர் வெளியே வந்திருக்கும். நாளைக்குப் பெய்தால் பக்கக் கிளைக் கதிர்களில் ஏதோ கொஞ்சம் தேறும்.

வறட்சித் தேர்வு செய்ய இரண்டு திடல் வேண்டும், ஒன்றில் தண்ணீர், மற்றதில் கதிர் உருவாகும் வேளையிலிருந்து நிறுத்தம். மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவு நாடாவால் பார்ப்பார்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு, வயது வேறுபட்ட ரகங்களை ஒன்றாகக் காய வைப்பது. முன்னதாகப் பூத்தது தப்பித்து ஜெயிக்கும், அதைத் தாங்கியது என்று எழுதுவார்கள். விதைப்பைத் தள்ளித் தள்ளிச் செய்து எல்லாம் ஒரே வாரத்தில் பூக்க வைத்தால்தான் உண்மை தெரியும். இலைச் சுருளையும் வேர் நீளத்தையும் மட்டும் பார்த்துப் பொறுக்கிய காலம் போய், காய்ந்த வயலிலேயே விளைந்த நெல்லின் எடையைப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கிய பிறகுதான் உருப்படியான மரபணுப் பகுதிகள் கிடைத்தன. வியப்பு என்னவென்றால், அவற்றில் 12ஆம் நிறப்புரியில் கிடைத்த பெரியது, வறட்சி தாங்கும் வந்தனா ரகத்திலிருந்து வரவில்லை. தாங்காத வே ராரெம் ரகத்திலிருந்து வந்தது. முதலாம் நிறப்புரியில் உள்ள மற்றொன்று, நெட்டைத் தன்மைக்கான மரபணுவுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்ததால், அதை எடுத்த செடிகளெல்லாம் உயர்ந்து சாய்ந்தன. ஆயிரக்கணக்கான நாற்றில் அந்த ஒட்டு விட்டுப்போன சிலவற்றைத் தேடிப் பிடித்துத்தான் குட்டையாகவும் தாங்குவதாகவும் கொண்டுவர முடிந்தது. இவை அல்லாத வேறு இரண்டு வறட்சிப் பகுதிகளை ஐ.ஆர். 64இல் சேர்த்து வந்த ரகம் 'டி.ஆர்.ஆர். தான் 42'.

வயலுக்குரிய அண்ணன் எங்களை வீட்டுக்கு அழைத்துப்போய் மோர் கொடுத்தார். சுவரில் தினசரி நாட்காட்டி. கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல், கம்பியில் கோத்து வைத்திருக்கிறார், ஆண்டுக்கு ஒரு கட்டு. மழை பெய்த நாளுக்குக் கோடு: சின்னத் தூறலுக்கு ஒன்று, வரப்பு நிறைந்தால் இரண்டு. இலை உறைக்குள் கதிர் திரளும் 'தொண்டைக் கதிர்' தெரிந்த நாளுக்கு வட்டம். பதினோரு கட்டு இருந்தது. "எதுக்குண்ணே இவ்வளவு நாளா வச்சிருக்கீங்க?" என்று கேட்டோம். "யாராச்சும் கேப்பாங்கன்னுதான் தம்பி" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து, வட்டம் போட்ட தாளுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாள் எடுத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தோம். பதினோரு ஆண்டில் ஏழில், வட்டத்துக்கு அடுத்த பத்துத் தாளிலும் ஒரு கோடுகூட இல்லை. விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. மிச்சக் கட்டுகளைத் தானே கம்பியிலிருந்து உருவி, தேதி மாறாமல் அடுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.